950-க்கு முன்னால் 10500 வந்து நிற்பது ஏன்? ஜாவாஸ்கிரிப்டில் எண்களை வரிசைப்படுத்துவது

யாங்கோனில் பருப்பு, பயறு வியாபாரம் செய்யும் குடும்பத்துத் தம்பி ஒருவர் கேட்டிருப்பது இதுதான். கடையின் விலைப்பட்டியலை ஒரு வலைப்பக்கமாகச் செய்திருக்கிறார். விலை குறைந்த சரக்கு மேலே, கூடியது கீழே வரவேண்டும். ஜாவாஸ்கிரிப்டில் வரிசைப்படுத்தும் கட்டளையான சார்ட்டைக் கூப்பிட்டால் 10500 கியாட் சரக்கு முதலில் வருகிறது, 950 கியாட் சரக்கு அடியில் போய்விடுகிறது. போன மாதம் வரை ஒழுங்காகத்தான் இருந்ததாம். யாரோ சொல்லி, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கும் ஃபங்ஷனைப் போட்டுப் பார்த்தார். பெரும்பாலும் சரியாகிவிட்டது, ஆனால் நாலைந்து சரக்கு மட்டும் இன்னும் இடம் தெரியாமல் நிற்கிறது. பிஎச்பி என்ற மொழியில் எழுதியபோது இந்தத் தொல்லை இல்லையே என்றும் கேட்கிறார்.

தம்பி, உங்கள் பக்கத்தில் இருப்பது ஒரு கோளாறு இல்லை, இரண்டு. முதலாவது சார்ட்டின் குணம், ஒரு வரியில் தீர்ந்துவிடும். இரண்டாவது, அணிக்குள், அதாவது விலைகளை வரிசையாக வைத்திருக்கும் அரேக்குள், நீங்கள் போட்டிருப்பதில் சிலது எண்ணே இல்லை. நாலைந்து சரக்கு அலைவது அதனால்தான். இரண்டாவதைப் பற்றித்தான் நான் அதிகம் பேசப்போகிறேன். நம் ஊரில் பக்கம் செய்கிறவர்கள் சிக்குவது பெரும்பாலும் அதில்தான்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். கட்டளைப் பெயர்களை இங்கே தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன், நீங்கள் அடிக்கும்போது வழக்கமான எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள். மாறிகளின் பெயர் மட்டும் தமிழில் இருந்தால் அப்படியே விடலாம். அ, ஆ, விலை என்ற பெயர்களை ஜாவாஸ்கிரிப்ட் முணுமுணுக்காமல் ஏற்றுக்கொள்ளும்.

சரி, முதல் கோளாறு. ஒரு அணி இப்படி இருக்கிறது என்று வையுங்கள்:

விலைகள் = [950, 10500, 3200, 12000, 800, 4100]

இதில் விலைகள்.சார்ட்() என்று வெறுமனே கூப்பிட்டால் வருவது:

[10500, 12000, 3200, 4100, 800, 950]

சார்ட்டுக்கு நீங்கள் எந்த வழிமுறையும் தராவிட்டால், அது ஒவ்வொன்றையும் முதலில் எழுத்துச்சரமாக, அதாவது ஸ்ட்ரிங்காக மாற்றிக்கொண்டு, இடமிருந்து வலமாக எழுத்து எழுத்தாகப் பார்க்கிறது. 10500-இன் முதல் எழுத்து 1, அதன் குறி எண், அதாவது கணினி அந்த எழுத்துக்கு வைத்திருக்கும் எண், 49. 950-இன் முதல் எழுத்து 9, அதன் குறி எண் 57. 49 சிறியது, அதனால் 10500 முன்னால். அதோடு முடிந்தது. எத்தனை இலக்கம் என்று அது எண்ணிப் பார்ப்பதே இல்லை.

அணிக்குள் இருப்பவை சுத்தமான எண்கள்தான் என்றாலும் இதே கதைதான். ‘நான் ஸ்ட்ரிங் போடவில்லையே, எண்ணாகத்தானே போட்டேன்’ என்று பலர் வாதாடுவார்கள். நீங்கள் எதைப் போட்டாலும் ஒப்பிடும் நேரத்தில் அது ஸ்ட்ரிங்காக்கிக்கொள்ளும்.

ஏன் இப்படி வைத்தார்கள்? பிரெண்டன் ஐக் 1995-இல் நெட்ஸ்கேப் உலாவிக்காக இந்த மொழியை உருவாக்கியபோது, ஓர் அணிக்குள் எண், உரை, வேறு பொருள் எல்லாம் கலந்து கிடக்கலாம் என்று விட்டுவிட்டார். அப்படிக் கலந்து கிடப்பதை ஒப்பிட எல்லாவற்றுக்கும் பொதுவான ஓர் உருவம் வேண்டும். எதையும் உரையாக மாற்றிவிட முடியும், எதையும் எண்ணாக மாற்றிவிட முடியாது. 1997-இல் வந்த முதல் தரநிலையிலும் அதுவே பதிவாகிவிட்டது. இன்றைக்கு மாற்றினால் அதை நம்பி ஓடும் பழைய பக்கங்கள் உடையும், அதனால் யாரும் கை வைக்க மாட்டார்கள். எனக்குக் கேட்டால் மோசமான முடிவுதான். ஆனால் அதோடுதான் குடித்தனம் நடத்தவேண்டும்.

போன மாதம் வரை சரியாக வந்ததன் ரகசியமும் இதிலேயே இருக்கிறது. எல்லா விலைகளும் ஒரே இலக்க அளவில் இருந்தால் எழுத்து வரிசையும் எண் வரிசையும் ஒன்றுதான். 7600, 8200, 9400 மூன்றையும் எப்படி ஒப்பிட்டாலும் ஒரே விடை. ஒருநாள் ஏதோ ஒரு சரக்கு 9900-இலிருந்து 10200-க்கு ஏறியிருக்கும். அன்று காலையிலிருந்து அது பட்டியலின் தலையில் போய் உட்கார்ந்திருக்கும். நிரலில் நீங்கள் எதையும் தொடவில்லை, விலைதான் ஐந்து இலக்கத்துக்குப் போய்விட்டது. கியாட் விலைகள் இலக்கம் தாண்டுவது நமக்குப் புதிதல்ல, அதனால் இந்தக் கோளாறு இங்கே நன்றாகவே வெளிப்படும். சோதித்துப் பார்க்கும்போது எப்போதும் மூன்று, நான்கு, ஐந்து இலக்க எண்களைக் கலந்து போடுங்கள்.

தீர்வு உங்களுக்குச் சொல்லப்பட்டதுதான்:

விலைகள்.சார்ட்((அ, ஆ) => அ - ஆ)

சார்ட் இரண்டு இரண்டாக எடுத்து உங்கள் ஃபங்ஷனிடம் கேட்கும். விடை பூஜ்ஜியத்துக்குக் கீழே என்றால் முதலாவது முன்னால் நிற்கும். மேலே என்றால் இரண்டாவது முன்னால் வரும். பூஜ்ஜியம் என்றால் இரண்டும் சமம், இருந்த வரிசையிலேயே விட்டுவிடும். இறங்குவரிசை வேண்டுமென்றால் ஆ - அ.

இங்கே ஒரு பழைய பழக்கத்தை எச்சரித்துவிடுகிறேன். சில பழைய பாடங்களில் (அ, ஆ) => அ > ஆ என்று எழுதியிருக்கும். அது உண்மை, பொய் என்று இரண்டே விடைதான் தரும், எண்ணாக்கினால் 1, 0. பூஜ்ஜியத்துக்குக் கீழே ஒருபோதும் போகாது. பழைய குரோமில் பத்து உறுப்புகள் வரைக்கும் உள்ள சின்ன அணிகளில் இது தற்செயலாக வேலை செய்தது. 2018-இல் வந்த குரோம் 70-இல் உள்ளே இருந்த வரிசை முறையை டிம்சார்ட் என்ற வேறொரு முறைக்கு மாற்றினார்கள். அன்றோடு இந்த வித்தை செத்தது. இப்போது [3, 1] என்று கொடுத்தால் [3, 1] என்றே திரும்பி வரும். எங்காவது பழைய நிரலை எடுத்து ஒட்டியிருந்தால் முதலில் இதைத் தேடிப் பாருங்கள்.

பிஎச்பி கேள்விக்கு: அங்கே சார்ட் வேறு மாதிரி. எண்ணாக இருந்தாலும், எண் போலத் தோன்றும் ஸ்ட்ரிங்காக இருந்தாலும், எண்ணாகவே ஒப்பிட்டுவிடும். அங்கிருந்து வருகிறவர்களுக்கு ஜாவாஸ்கிரிப்டின் நடத்தை அதிர்ச்சியாகத்தான் இருக்கும்.

இனி இரண்டாவது கோளாறு. நாலைந்து சரக்கு மட்டும் அலைகிறதே, அவற்றின் விலை எப்படி உள்ளே வந்தது என்று பாருங்கள். என் ஊகம், உங்கள் கடையில் விலை அடிப்பவர் ஒருவர் இல்லை. நீங்கள் 3200 என்று அடிக்கிறீர்கள். கடைப்பையன் போனில் பர்மிய விசைப்பலகையோடு பர்மிய இலக்கத்தில் அடிக்கிறான். திரையில் இரண்டும் விலையாகத்தான் தெரிகிறது, வாடிக்கையாளர் இரண்டையும் படிக்கிறார். ஆனால் ஜாவாஸ்கிரிப்டுக்குப் படிக்கத் தெரிந்தது 0 முதல் 9 வரையிலான அந்தப் பத்து இலக்கம் மட்டும். பர்மிய இலக்கம் அதற்கு ஏதோ எழுத்து. தமிழ் இலக்கமும் அப்படியே, ௧௨ என்று கொடுத்து எண்ணாக்கச் சொன்னால் நான் என்ற மதிப்பைத் தரும். ‘இது எண் இல்லை’ என்பதற்கு அது வைத்திருக்கும் பெயர் அது. நான், நீ என்கிற நானோடு குழம்பாமலிருக்க இதை இனி என்-ஏ-என் என்று எழுதுகிறேன்.

இதில் விஷமம் எங்கே என்றால், யாரும் கூச்சல் போடுவதில்லை. அ - ஆ என்று கழிக்கும்போது "950" என்ற ஸ்ட்ரிங்கைக்கூட அது தானாக எண்ணாக்கிக்கொள்ளும், அதனால் பெரும்பாலான சரக்கு சரியாக நிற்கும். பர்மிய இலக்கம் வந்த இடத்தில் கழித்தலின் விடை என்-ஏ-என். சார்ட் அதைப் பூஜ்ஜியம் என்று எடுத்துக்கொள்ளும். பிழைச்செய்தி இல்லை, சிவப்பு எழுத்து இல்லை.

அதன் விளைவை மூன்றே உறுப்பில் பார்க்கலாம். [4100, என்-ஏ-என், 950] என்ற அணியைக் கழித்தல் ஃபங்ஷனோடு சார்ட் செய்யுங்கள். குரோமில் எதுவும் நகராது. 4100-ஐயும் என்-ஏ-என்னையும் ஒப்பிட்டது, சமம். என்-ஏ-என்னையும் 950-ஐயும் ஒப்பிட்டது, சமம். ஏற்கனவே வரிசையாகத்தான் இருக்கிறது என்று எழுந்துபோய்விட்டது. 4100-ஐயும் 950-ஐயும் நேருக்கு நேர் நிறுத்திக் கேட்கவே இல்லை. ஆக, ஒரு கெட்ட விலை தன் இடத்தை மட்டும் கெடுப்பதில்லை, அக்கம்பக்கத்து நல்ல விலைகளையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. உங்கள் பட்டியலில் அலைவது நாலைந்து என்றால் உண்மையில் கெட்டது ஒன்றோ இரண்டோதான் இருக்கும்.

அதனால் என் யோசனை, சார்ட்டைத் தொடுவதற்கு முன்பே விலையைக் கழுவி எண்ணாக்கிவிடுங்கள். விலை பெட்டியிலிருந்து வந்ததும், அணிக்குள் போகும் முன், எண்ணாக்கு என்று ஒரே ஒரு ஃபங்ஷன் எழுதுங்கள். எல்லா விலையும் அதன் வழியாகத்தான் உள்ளே வரவேண்டும்.

அந்த ஃபங்ஷன் செய்யவேண்டியதைச் சொல்கிறேன். யூனிகோடில் பர்மிய இலக்கங்கள் 4160 முதல் 4169 வரை வரிசையாக இருக்கின்றன, 4160 பூஜ்ஜியம், 4169 ஒன்பது. ஒவ்வோர் எழுத்தின் குறி எண்ணையும் பாருங்கள். அந்த எல்லைக்குள் இருந்தால் 4160-ஐக் கழித்தால் இலக்கம் கிடைத்துவிடும். தமிழ் இலக்கம் யாராவது போடுவார்கள் என்று நினைத்தால் 3046 முதல் 3055 வரை, அதே கணக்கு. உரைக்குள் தேடப் பயன்படும் ரெகுலர் எக்ஸ்பிரஷனில் இலக்கத்துக்கு உள்ள வழக்கமான குறியான பின்சாய்கோடு-டியை நம்பாதீர்கள். ஜாவாஸ்கிரிப்டில் அதற்கும் அந்தப் பத்து இலக்கம் மட்டுமே தெரியும்.

இதோடு விட்டால் பாதிதான். பர்மிய எழுத்தைப் போனில் அடித்தவர்களுக்குத் தெரியும், வட்டமாக இருக்கும் பூஜ்ஜியமும் ‘வ’ ஒலிக்கான எழுத்தும் கண்ணுக்கு ஒன்றுபோல இருக்கும். பூஜ்ஜியம் 4160, அந்த எழுத்து 4125. அவசரத்தில் பூஜ்ஜியத்துக்குப் பதில் அந்த எழுத்தைத் தட்டிவிடுவது சர்வ சாதாரணம். ஏழுக்கும் இதே கதி, அதற்கு இரட்டைப்பிறவி போல ஓர் எழுத்து 4123-இல் இருக்கிறது. விலைப் பெட்டிக்குள் வேறு எழுத்துக்கு வேலை இல்லை, அதனால் இலக்கங்களோடு சேர்ந்து 4125 வந்தால் 0 என்றும், 4123 வந்தால் 7 என்றும் எடுத்துக்கொள்வதில் தவறில்லை. கடைப்பையனிடம் இதைச் சொல்லித் திருத்த முயலாதீர்கள், திரையில் வித்தியாசம் தெரியாதபோது அவன் எப்படித் திருந்துவான்?

இன்னொன்று கண்ணுக்கே தெரியாதது. பர்மிய எழுத்தில் சொற்களுக்கு இடையே இடைவெளி விடும் கட்டாயம் கிடையாது, வரி எங்கே முறியலாம் என்று காட்ட அகலமே இல்லாத ஓர் இடைவெளிக் குறியைப் போடுவார்கள். அதன் எண் 8203. முகநூலிலிருந்தோ செய்தியிலிருந்தோ விலையைப் பிரதியெடுத்து ஒட்டினால் அதுவும் ஒட்டிக்கொண்டு வரும். சாதாரண இடைவெளி முன்னும் பின்னும் இருந்தால் எண்ணாக்கும்போது ஜாவாஸ்கிரிப்ட் தானே உதறிவிடும், இதை உதறாது. 1200 என்று பளிச்சென்று தெரியும் விலை என்-ஏ-என் ஆவதைப் பார்த்துத் தலையைப் பிய்த்துக்கொள்ளும்போது, அந்த ஸ்ட்ரிங்கின் நீளத்தை அச்சிட்டுப் பாருங்கள். நான்குக்குப் பதில் ஐந்து என்று வந்தால் குற்றவாளி இதுதான்.

அப்புறம் காற்புள்ளி. "10,500" என்பதை நம்பர் என்ற ஃபங்ஷனிடம் கொடுத்தால் என்-ஏ-என். தொடக்கத்தில் இருக்கும் இலக்கங்களை மட்டும் எண்ணாக்கும் பார்ஸ்இன்ட்டிடம் கொடுத்தால் 10! இது இன்னும் மோசம், ஏனென்றால் எண்ணாகவே வருகிறது, ஆனால் தப்பான எண். பத்தாயிரத்து ஐந்நூறு கியாட் சரக்கு பட்டியலின் உச்சியில் பத்து கியாட்டாக மின்னும். "1200-1250" என்று வீச்சாக விலை சொல்வது மொத்த வியாபாரத்தில் வழக்கம்தானே, அதையும் அது 1200 என்று விழுங்கிவிடும். இந்த வேலைக்குப் பார்ஸ்இன்ட் வேண்டாம். காற்புள்ளியையும் இடைவெளிகளையும் நீங்களே எடுத்துவிட்டு, மிச்சத்தை நம்பரிடம் கொடுங்கள். மிச்சத்தில் இன்னும் ஏதாவது எழுத்து இருந்தால் என்-ஏ-என் வரட்டும், வருவதுதான் நல்லது. அந்தச் சரக்கின் பெட்டியைச் சிவப்பாகக் காட்டி, விலையைத் திரும்ப அடிக்கச் சொல்லுங்கள். எண் அல்லாத எல்லாவற்றையும் துடைத்தெறிந்துவிட்டு மிஞ்சியதை விலை என்று சொல்லும் ‘சாமர்த்தியமான’ ஃபங்ஷன்களை நிறையப் பேர் எழுதுகிறார்கள். ‘2 லட்சம்’ என்று ஒருவர் அடித்தால் அவை 2 என்று காட்டும். இப்படி ஒரு சாமர்த்தியம் கடைக்கு ஆகாது.

காலிப் பெட்டியையும் மறக்கவேண்டாம். ஒன்றுமே இல்லாத ஸ்ட்ரிங்கை நம்பர் என்ன ஆக்கும் தெரியுமா? என்-ஏ-என் இல்லை, 0. இன்றைக்கு விலை போடாத சரக்கு இலவசச் சரக்காகி முதல் வரியில் வந்து நிற்கும். எண்ணாக்கும் முன்பே காலியா என்று பார்த்துவிடுங்கள்.

விலை இல்லாதவற்றை எங்கே வைப்பது என்பதற்கு எனக்குப் பிடித்த வழி, சார்ட்டுக்குள் அவற்றை நுழைக்காமலே இருப்பது. சிலர் விலை இல்லாதவற்றுக்கு முடிவிலி என்று ஒரு மதிப்பைக் கொடுத்து அடியில் தள்ளுவார்கள். ஏறுவரிசையில் சரி, இறங்குவரிசைக்கு மாற்றினால் அவை அத்தனையும் தலைக்கு வந்துவிடும். விலை உள்ளவை ஓர் அணி, இல்லாதவை ஓர் அணி என்று ஃபில்டர் போட்டுப் பிரித்து, முதலாவதை மட்டும் சார்ட் செய்து, கடைசியில் இரண்டையும் ஒட்டுங்கள்:

உள்ளவை = சரக்குகள்.ஃபில்டர்(ச => நம்பர்.இஸ்ஃபைனைட்(ச.விலை))
அற்றவை = சரக்குகள்.ஃபில்டர்(ச => !நம்பர்.இஸ்ஃபைனைட்(ச.விலை))
உள்ளவை.சார்ட்((அ, ஆ) => அ.விலை - ஆ.விலை)
பட்டியல் = [...உள்ளவை, ...அற்றவை]

நாலு வரி. என்-ஏ-என் சார்ட்டுக்குள் போக வழியே இல்லை.

திரையில் காட்டும்போது பர்மிய இலக்கம் வேண்டுமா, தாராளமாகக் காட்டலாம். இன்டில் நம்பர்ஃபார்மட்டுக்கு பர்மிய மொழிக்குறியைக் கொடுத்தால் அதுவே பர்மிய இலக்கத்தில், காற்புள்ளி போட்டு எழுதித் தரும். ஆனால் அது கடைசி வேலை. வரிசை எண்ணில் முடிந்த பிறகு, திரைக்குப் போகும் வாசலில் மட்டும் செய்யுங்கள். தலைப்பைத் தட்டினால் அட்டவணையை வரிசைப்படுத்தித் தரும் ஆயத்த நிரல்கள் பல, கட்டத்துக்குள் தெரியும் எழுத்தையே திரும்பப் படித்து ஒப்பிடும். அப்படி ஒன்றைப் பயன்படுத்தினால் பழைய பிரச்சினை பின்வாசல் வழியாக உள்ளே வரும். ஒவ்வொரு கட்டத்திலும் டேட்டா பண்பு ஒன்றில் மூல எண்ணை வைத்து, அதைப் படிக்கச் சொல்லுங்கள்.

நியூமெரிக் என்ற விருப்பத்தோடு, உரைகளை ஒப்பிடும் கருவியான இன்டில் கொலேட்டர் போட்டால் எண்ணாகவே ஒப்பிடுமே என்று யாராவது சொல்லலாம். உண்மைதான், ‘மூட்டை 2’, ‘மூட்டை 10’ என்பது போன்ற பெயர்களுக்கு அது அருமையான கருவி. விலைக்கு வேண்டாம். தசமப் புள்ளியை அது புரிந்துகொள்ளாது, புள்ளிக்குப் பின்னால் வருவதைத் தனி எண்ணாக எடுத்துக்கொண்டு 1.5-ஐ 1.25-க்கு முன்னால் வைக்கும். கழித்தல் குறியும் அதற்குத் தெரியாது.

வரிசையே தப்பாகிவிடும் வேறொரு வழியும் இருக்கிறது, அதில் ஜாவாஸ்கிரிப்டுக்குச் சம்பந்தமில்லை. உங்கள் பட்டியலில் எல்லா விலையும் வீசைக்கா? சில்லறை வீசைக்கு, மொத்தம் மூட்டைக்கு, பேயின்னாங் சந்தையில் கேட்டு எழுதியது டன்னுக்கு இத்தனை லட்சம் கியாட் என்று இருந்தால், எண்களை எவ்வளவு ஒழுங்காக வரிசைப்படுத்தினாலும் பட்டியலுக்கு அர்த்தம் இல்லை. ஒரு வீசை சுமார் 1.63 கிலோ, ஆகவே ஒரு டன்னுக்கு ஏறக்குறைய 612 வீசை. சேமிக்கும்போதே வீசைவிலை என்று தனியாக ஒன்றைக் கணக்கிட்டு வைத்து, அதைக்கொண்டு வரிசைப்படுத்துங்கள். காட்டுவது எந்த அளவையில் வேண்டுமானாலும் இருக்கட்டும். பியி கணக்கில் விற்கும் அரிசியையும் இதே பட்டியலில் சேர்ப்பதாக இருந்தால் கவனம், பியி முகத்தலளவை. 16 பியி ஒரு கூடை என்பது எல்லாவற்றுக்கும் பொது, ஆனால் ஒரு பியி அரிசியின் எடையும் ஒரு பியி உளுந்தின் எடையும் ஒன்றல்ல. அதற்கு ஒவ்வொரு சரக்குக்கும் தனித்தனி மாற்று எண் வேண்டும். நானாக இருந்தால் அரிசியைத் தனிப் பட்டியலாகவே போட்டுவிடுவேன்.

இன்னும் சில. சார்ட் புதிய அணி எதையும் தராது, இருக்கும் அணியையே கலைத்து அடுக்கும். ‘இன்று வந்த சரக்கு’ என்று ஒரு பட்டியலும் ‘விலை வரிசை’ என்று ஒன்றும் ஒரே அணியிலிருந்து காட்டினால், ஒன்றை அடுக்கியதும் மற்றதும் மாறிப்போகும். கான்ஸ்ட் என்று அறிவித்திருந்தாலும் தடுக்காது. 2023 தரநிலையில் டூசார்ட்டட் வந்திருக்கிறது, மூல அணியைத் தொடாமல் புதிதாக ஒன்றை அடுக்கித் தரும். குரோம் 110-இலிருந்து உண்டு. நம் வாடிக்கையாளர்கள் கையில் இருக்கும் பழைய ஆண்ட்ராய்டு போன்களை நினைத்துப் பார்த்தால், [...விலைகள்].சார்ட் என்று ஒரு நகல் எடுத்து அடுக்குவதே பத்திரம்.

முதலில் வகை, அதற்குள் விலை என்று இரண்டு அடுக்காக வேண்டுமென்றால் ஒரே ஃபங்ஷனில் முடிக்கலாம்:

(அ, ஆ) => அ.வகை.லோகேல்கம்பேர்(ஆ.வகை) || அ.விலை - ஆ.விலை

லோகேல்கம்பேர் இரண்டு உரைகளை ஒப்பிடும். வகை ஒன்றாக இருந்தால் முதல் பாதி பூஜ்ஜியம், உடனே இரண்டாம் பாதிக்குப் போகும். வகை தமிழில் இருந்தால் லோகேல்கம்பேருக்குத் தமிழ் மொழிக்குறியையும் கொடுங்கள். வெறும் சார்ட்டில் விட்டால் யூனிகோடு வரிசைதான் வரும், அதில் ன-வின் இடம் ந-வுக்கு அடுத்தது, ழ-வுக்குப் பின்னால்தான் வ. நம் நெடுங்கணக்கு படித்த யாருக்கும் அது உறுத்தும்.

சம விலையுள்ள சரக்குகள் முன்பிருந்த வரிசையிலேயே இருக்கும் என்பது 2019 தரநிலையிலிருந்து உத்தரவாதம். அதற்கு முன் பழைய குரோமில் பத்துக்கு மேற்பட்ட உறுப்புகள் இருந்தால் சமமானவை இடம் மாறிக்கொள்ளும்.

வேகத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, யாராவது பயமுறுத்துவார்கள் என்பதால் சொல்கிறேன். ஆயிரம் சரக்கை டிம்சார்ட் சுமார் பத்தாயிரம் ஒப்பீட்டில் முடித்துவிடும். கல்லூரியில் சொல்லித்தரும் பபிள்சார்ட்டுக்கு ஏறக்குறைய ஐந்து லட்சம் ஒப்பீடு வேண்டும். ஆக, சொந்தமாக சார்ட் எழுதாதீர்கள். எண்ணாக்கும் வேலையை ஒப்பிடும் ஃபங்ஷனுக்குள் வைக்காதீர்கள், ஒவ்வோர் ஒப்பீட்டுக்கும் இரண்டு தடவை கழுவவேண்டியிருக்கும். உறுப்புகள் லட்சக்கணக்கில், எல்லாமே எண் என்றால் எண்களை மட்டுமே வைக்கும் அணியான ஃப்ளோட்64அரே இருக்கிறது. அது எந்த ஃபங்ஷனும் இல்லாமலே எண் வரிசையில் அடுக்கும், என்-ஏ-என்களைக் கடைசிக்குத் தள்ளிவிடும். பருப்புக் கடைக்கு அது தேவைப்படாது.

எல்லாம் எழுதி முடித்ததும் இந்த ஆறு விலைகளைப் பெட்டியில் அடித்துப் பாருங்கள், சந்தை விலை இல்லை, சோதனைக்காக நான் போட்டவை: சாதாரண இலக்கத்தில் 950, காற்புள்ளியோடு 10,500, பர்மிய இலக்கத்தில் 3200, பர்மிய இலக்கத்தில் 800 ஆனால் கடைசிப் பூஜ்ஜியத்துக்குப் பதில் அந்த ‘வ’ எழுத்து, ஒரு காலிப் பெட்டி, அப்புறம் 1200-1250. மேலே 800, 950, 3200, 10500 என்று நான்கும் இந்த வரிசையில் வந்து, காலியும் வீச்சு விலையும் அடியில் சிவப்பாக நின்றால் பக்கத்தை ஏற்றிவிடலாம். வேறு மாதிரி வந்தால், எண்ணாக்கு ஃபங்ஷனையும் எந்த விலை தப்பாக நின்றது என்பதையும் சேர்த்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.